சொல்லாத வயிற்றுவலி

நடுராத்திரியில் கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, தோளில் போட்டுத் தட்டியும் ஆயிற்று. அழுகை நிற்கவில்லை. "உரை மருந்து இழைச்சுக் கொடுத்துப் பாரேன்" என்கிறாள் பாட்டி. "காது வலியா இருக்குமோ" என்கிறார் அப்பா. பிள்ளை வளர்த்த வீடுகளுக்கெல்லாம் பழக்கமான ராத்திரி இது. இன்னும் இரண்டு வருடம் போனால் அதே குழந்தை வயிற்றில் கைவைத்து "இங்க வலிக்குது" என்று சொல்லிவிடும். பிறகு மருத்துவரின் வேலை பாதி முடிந்த மாதிரிதான்.

அந்த இரண்டு சொற்கள் வராமலே பத்து வயது, பதினைந்து வயது ஆகிவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பேச்சு இல்லை. கையை வயிற்றுக்குக் கொண்டுபோகவும் உடல் இடம் தராது. அவர்களுக்கு வயிற்றில் தாங்க முடியாத வலி வந்தால் யார், எப்படிக் கண்டுபிடிப்பது? வயிற்றுவலிகளிலேயே மிகக் கொடியவற்றுள் ஒன்றான கணைய அழற்சியை வைத்து இந்தக் கேள்விக்குள் போவோம்.

கறியைக் கரைக்கும் உறுப்பு தான் கரையாதது ஏன்?

நேற்று சாப்பிட்ட ஆட்டுக்கறி இன்று இல்லை. குடல் அதைக் கரைத்து உறிஞ்சிவிட்டது. ஆட்டுக்கறியும் புரதம், நம் குடலும் புரதம். அதைக் கரைத்தது இதைக் கரைக்காமல் விட்டது எப்படி?

கரைக்கும் வேலையில் பெரும்பங்கு கணையத்துடையது. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பின் மேல் குறுக்காகப் படுத்திருக்கும் உறுப்பு அது. வளர்ந்தவர்களுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதன் தலைப்பகுதி, இரைப்பையை அடுத்து வரும் முன்சிறுகுடலின் வளைவுக்குள் பொருந்தியிருக்கும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்குச் செரிமானச் சாற்றை அது குடலுக்குள் விடுகிறது. அந்தச் சாற்றில் இருப்பவை நொதிகள். நொதி என்பது உடலின் வேதிவேலைகளை வேகப்படுத்தும் புரதம். டிரிப்சின் புரதத்தை வெட்டும், லைபேஸ் கொழுப்பை உடைக்கும், அமைலேஸ் மாவுச்சத்தைப் பிரிக்கும்.

இவ்வளவு கூரான கருவிகளைத் தயாரிக்கும் பட்டறை தன் கையை வெட்டிக்கொள்ளாமல் இருக்க, கணையம் டிரிப்சினை உறையில் போட்ட அரிவாளாகத்தான் செய்கிறது. அந்த நிலையில் அதன் பெயர் டிரிப்சினோஜன். உறையைக் கழற்றும் வேறொரு நொதி முன்சிறுகுடலின் சுவரில் இருக்கிறது. சாறு அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அரிவாள் வெளியே வரும். அதுவரை கணையச் செல்லுக்குள் சிறு பைகளில், தடுப்புப் புரதம் ஒன்றின் காவலில், அது தூங்கிக் கிடக்கும்.

காவல் தவறும் சமயங்கள் உண்டு. சாறு வெளியேறும் வழி அடைபட்டால், அல்லது மருந்து, காயம், கிருமி ஏதோ ஒன்று செல்லைக் கெடுத்தால், உறை கணையத்துக்குள்ளேயே கழன்றுவிடுகிறது. விழித்த டிரிப்சின் மற்ற நொதிகளையும் எழுப்பிவிடும். கணையம் தன்னையே செரிக்கத் தொடங்குகிறது. 1896-இல் பிராகில் பணியாற்றிய நோய்க்கூறியல் அறிஞர் ஹான்ஸ் கியாரி சொன்ன விளக்கம் இது. பிறவியிலேயே தண்டுவடம் மூடாத குழந்தைகள் பலரிடம் பின்மூளை கீழே இறங்கியிருக்கும். அந்தக் குறைபாடும் இதே கியாரியின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. இரண்டு வேறு வேறு கண்டுபிடிப்புகள் நம் கதையின் குழந்தைகளிடம் வந்து சேர்ந்துகொள்கின்றன.

கசிந்த லைபேஸ் சுற்றியுள்ள கொழுப்பை உடைக்கிறது. உடைந்த கொழுப்பமிலம் ரத்தத்தின் கால்சியத்தோடு சேர்ந்து, சொல்லப்போனால், சோப்பாகிறது. வயிற்றைத் திறந்து பார்த்த அறுவை மருத்துவர்கள் மெழுகு சிந்தியதுபோல் வெள்ளைத் திட்டுகளைக் கண்டிருக்கிறார்கள். அப்படிக் கால்சியம் செலவாகி ரத்தத்தில் குறைந்தால் வலிப்பு வரலாம். ஏற்கெனவே வலிப்பு உள்ள பிள்ளைக்கு வந்தால், "வழக்கமான ஃபிட்ஸ்தானே" என்று நினைத்துக்கொள்வார்கள். இந்தக் குழந்தைகளின் விஷயத்தில் இப்படித்தான் எல்லாவற்றுக்கும் ஒரு பழைய காரணம் தயாராகக் காத்திருக்கும்.

25 கட்டங்களில் முதல் நான்கு

உடல் இயக்கம், அறிவு வளர்ச்சி இரண்டுமே கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளைத் தனியொரு பிரிவாகப் பெயரிட்டுப் பார்த்த நாடு ஜப்பான். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பானில் உடல் ஊனமுற்றோர் இல்லம் தனி, அறிவு வளர்ச்சி குன்றியோர் இல்லம் தனி. இரண்டும் உள்ள குழந்தையை இரண்டு இடத்திலும் ஏற்கவில்லை. கோபயாஷி தெய்ஜு என்ற குழந்தை மருத்துவர் 1961-இல் டோக்கியோவின் தாமா பகுதியில் ஷிமாடா ரியோய்குயென் என்ற இல்லத்தைத் தொடங்கினார். அது மருத்துவமனையும்தான், வீடும்தான். இரண்டு ஆண்டு கழித்து நாவலாசிரியர் மிசுகாமி த்சுதோமு, பிரதமர் இகேதாவுக்கு ஒரு திறந்த மடலை இதழில் எழுதி, இத்தகைய குழந்தைகளுக்கு அரசு செய்வது எவ்வளவு சொற்பம் என்று கேட்டார். முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்த மகளின் தகப்பன் அவர். 1967-இல் சட்டத்திலேயே இந்தக் குழந்தைகளுக்கு இடம் வந்தது.

பிறகு ஒஷிமா என்ற மருத்துவர் ஐந்துக்கு ஐந்தாக 25 கட்டம் போட்டு ஓர் அட்டவணை தந்தார். ஒரு பக்கம் அறிவுத்திறன், மறுபக்கம் படுக்கை முதல் ஓட்டம் வரையிலான இயக்கம். அறிவுத்திறன் எண் 35-க்குக் கீழே, இயக்கம் படுத்திருப்பது அல்லது உட்கார்ந்திருப்பது வரை மட்டும் என்றால் முதல் நான்கு கட்டங்கள். ஒரே கூரையின் கீழ் அதே குழந்தைகளை வருடக்கணக்கில் பார்க்கும் மருத்துவரும் செவிலியரும் இருக்கும்போதுதான் அரிதான நோய்கூடக் கண்ணில் படும். கணைய அழற்சி குழந்தைகளிடம் அரிது. ஆண்டுக்குச் சுமார் 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரலாம். அந்த முதல் நான்கு கட்டங்களில் இருக்கும் குழந்தைகளுக்கோ அதை வரவழைக்கும் காரணங்கள் கூடுதல்.

குக்கர் விசிலுக்குச் சிரிக்காத பையன்

ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்வோம். பல குழந்தைகளின் நிலையை ஒட்டி நான் வரைந்தவன் இவன். வயது 11, எடை 17 கிலோ. பிறந்தபோது மூச்சுத் திணறியதில் வந்த மூளை முடக்குவாதம். முதுகு வில்லாக வளைந்திருக்கிறது. வாயால் விழுங்கினால் நுரையீரலுக்குள் போய்விடுகிறது என்பதால், இரண்டு வருடமாக வயிற்றில் துளையிட்டு வைத்த குழாய் வழியாகத்தான் சாப்பாடு. அம்மா சத்துமாவுக் கஞ்சியை வடிகட்டி 60 மில்லி சிரிஞ்சில் ஊற்றி, சிரிஞ்சை உயர்த்திப் பிடிப்பார். கஞ்சி தானாக இறங்கும். வலிப்புக்கு நான்கு வயதிலிருந்து வால்புரோயேட் சிரப். பேச்சு கிடையாது. ஆனால் குக்கர் விசில் அடித்தால் வாய் நிறையச் சிரிப்பான். தெருவில் எத்தனை குக்கர் இருந்தாலும் அவனுக்குத் தன் வீட்டு விசில் தெரியும்.

திங்கள் இரவு சிரிஞ்சில் கஞ்சி இறங்கவில்லை, எதிர்த்து மேலே வந்தது. செவ்வாய் காலை பச்சை நிறத்தில் பித்தம் வந்தது. பல்லை நறநறவென்று கடித்தான். எப்போதும் விறைத்து நீண்டிருக்கும் கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டான். முனகினான். வழக்கமாக நிமிடத்துக்கு 90 இருக்கும் இதயத்துடிப்பு 138.

பணியில் இருந்த இளம் மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "ரெண்டு நாளா வெளிய போகலைன்னா இப்படித்தான் இருப்பாங்கம்மா. மலம் இளக மருந்து எழுதித் தரேன்."

"தினமும் போறான் டாக்டர். மலச்சிக்கல்னா முக்குவான், முகம் செவந்துரும். இது அது இல்லைங்க. நேத்துலேர்ந்து குக்கர் சத்தத்துக்கு இவன் சிரிக்கவே இல்லை."

இந்தக் கடைசி வாக்கியம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத நோய்க்குறி. அதைச் சொல்லக்கூடியவர் உலகத்திலேயே அந்த அம்மா ஒருவர்தான். அதைக் கேட்டுவிட்டு ரத்தம் எடுக்கச் சொல்லும் மருத்துவர்தான் நல்ல மருத்துவர் என்பது என் திடமான எண்ணம்.

இளம் மருத்துவர் முதலில் சொன்னதும் முட்டாள்தனமல்ல. இத்தகைய குழந்தைகளின் வயிற்றுத் தொல்லைக்கு மலச்சிக்கல் உண்மையிலேயே முதல் காரணமாக இருக்கும். இரைப்பை அமிலம் மேலேறுவது, சொத்தைப் பல், காதுச் சீழ், நழுவிய இடுப்பு மூட்டு, யாருக்கும் தெரியாமல் முறிந்த எலும்பு எல்லாமே பட்டியலில் வரும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எதைப் பார்த்தாலும் "இந்த மாதிரிப் பிள்ளைங்க இப்படித்தான்" என்று ஊனத்தின் கணக்கில் எழுதிவிடுவது. 1982-இல் அமெரிக்க உளவியலாளர்கள் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் அதைக் கண்டறிதலை மறைக்கும் நிழல் எனலாம். ஊனம் பெரிய மரமாக நிற்கிறது. அதன் நிழலில் புது நோய் தெரியாமல் போகிறது.

மூன்றில் இரண்டு

குழந்தைகளின் கணைய அழற்சியை உறுதிசெய்ய 2012-இல் பன்னாட்டு மருத்துவர் குழு ஒன்று ஒரு விதி தந்தது. மூன்று சான்றுகளில் இரண்டு இருக்க வேண்டும். முதலாவது, அதற்கே உரிய வயிற்றுவலி. இரண்டாவது, ரத்தத்தில் லைபேஸ் அல்லது அமைலேஸ் இயல்பின் உச்சவரம்பைப்போல் மூன்று மடங்காவது இருப்பது. மூன்றாவது, ஸ்கேனில் தெரியும் மாற்றம்.

நம் பையனை இந்த விதியின் முன் நிறுத்திப் பாருங்கள். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி என்று பேசும் நோயாளி சொல்வார். இவன் சொல்ல மாட்டான். ஸ்கேன்? வளைந்த முதுகும் குடல்காற்றும் கணையத்தை அல்ட்ராசவுண்டின் கண்ணிலிருந்து மறைத்துவிடும். சிடி ஸ்கேனுக்கு நேராகப் படுக்க வேண்டும், அசையாமல் இருக்க மயக்க மருந்து வேண்டியிருக்கும். மூன்று கதவுகளில் இரண்டு பாதி மூடியிருக்கின்றன. மிச்சம் இருப்பது ரத்தம்.

ரத்தமும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. வால்புரோயேட் சாப்பிடும் சிலருக்கு அழற்சி எதுவும் இல்லாமலே அமைலேஸ் சற்றுக் கூடியிருக்கும். அமைலேஸ் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தும் வருவது. அதனால்தான் மூன்று மடங்கு என்ற வேலி. லைபேஸ் அமைலேஸைவிடக் கணையத்துக்கு நெருக்கமானது. அழற்சி தொடங்கிய சில மணி நேரத்தில் ஏறும், ஒரு வாரத்துக்கு மேலும் இறங்காமல் நிற்கும். நம் பையனுக்கு லைபேஸ் 940 என்று வந்தது. அந்த ஆய்வகத்தின் உச்சவரம்பு 60. பதினைந்து மடங்குக்கு மேல்.

ஒரு சான்று கிடைத்தது. இன்னொன்று வேண்டும். இங்கேதான் வலிக்கு மொழி கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு வலி அளவுகோல் முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுவது என்று ஐந்தைப் பார்க்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 10. பேச முடியாத குழந்தைகளுக்காக 2006-இல் அதைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தம்தான் முக்கியம்: என் பிள்ளை வலித்தால் இப்படிச் செய்வான் என்று பெற்றோர் சொல்வதை அளவுகோலிலேயே எழுதிக்கொள்ளலாம். ஏனென்றால் வலித்தால் சிரிக்கும் குழந்தைகளும் உண்டு. மரம்போல் அசையாமல் உறைந்துபோகும் குழந்தைகளும் உண்டு. மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், தன் கையைக் கடிப்பார்கள்.

அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருத்துவர் எண்ணினார். நெற்றி சுருங்கியிருக்கிறது, 1. நீண்டிருக்கும் கால்கள் மடங்கியே கிடக்கின்றன, 2. நெளிகிறான், 1. முனகுகிறான், 1. அம்மா மடியில் போட்டும் தேறவில்லை, 2. மொத்தம் 7. மேல்வயிற்றை மெதுவாக அழுத்தியபோது துடிப்பு 138-லிருந்து 160-க்குத் தாவியது. இரண்டாவது சான்று கிடைத்துவிட்டது.

சொல்லத் தெரியாதவனுக்கும் வலி உண்டு என்பது நமக்குச் சாதாரண உண்மை. பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் வலிக்கு 1979-இல் எழுதிய வரையறையை 2020-இல் திருத்தியபோது, சொல்லால் விவரிப்பது வலியைக் காட்டும் வழிகளில் ஒன்றுதான் என்று குறிப்பாகவே சேர்க்க வேண்டியிருந்தது. சேர்க்க வேண்டியிருந்ததை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

குழாயா, மருந்தா?

பேசும் குழந்தைகளுக்குப் பித்தக்கல், வயிற்றில் அடி, வைரஸ், மரபணுக் கோளாறு என்று தேடுவார்கள். நம் பையனுக்கு அவற்றோடு இன்னும் சிலவற்றையும் தேட வேண்டும்.

குழாய் முதல் சந்தேகம். வயிற்றுக்குழாயின் உள்முனையில், அது வெளியே வந்துவிடாதபடி பிடித்துக்கொள்ளத் தண்ணீர் நிரப்பிய சிறு பலூன் இருக்கும். வெளியே தோலை ஒட்டி ஒரு வட்டத் தட்டு. தட்டு தளர்ந்தால் குடலின் அசைவு பலூனை உணவுக்கவளம் என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொண்டு போகும். முன்சிறுகுடலில் பித்தநாளமும் கணையநாளமும் சேர்ந்து திறக்கும் சிறு வாய் இருக்கிறது. பலூன் அங்கே போய் உட்கார்ந்தால் சாறு வெளியேற வழியில்லை. உரிய குழாய்க்குப் பதில் சிறுநீர்க்குழாயைப் போட்டிருந்தால் ஆபத்து கூடுதல், அதில் வெளித்தட்டே கிடையாது. கண்டுபிடித்துவிட்டால் வைத்தியம் எளிது. பலூனின் தண்ணீரை உறிஞ்சிவிட்டுக் குழாயைப் பின்னுக்கு இழுத்து, சரியான இடத்தில் மறுபடி நிரப்ப வேண்டியதுதான்.

குழாயின் மேல் சென்டிமீட்டர் எண்கள் அச்சிட்டிருக்கும். நம் பையனின் அம்மா 3 என்ற எண்ணின் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். தினமும் குளிப்பாட்டும்போது பார்ப்பார். கோடு தோலுக்கு மேலேயே இருந்தது. குழாய் நகரவில்லை.

அடுத்து, ஒல்லியான உடம்பு. முன்சிறுகுடலின் ஒரு பகுதி, பெருந்தமனிக்கும் அதிலிருந்து கிளைத்துக் குடலுக்குப் போகும் தமனிக்கும் நடுவே நுழைந்து செல்கிறது. இடையில் கொழுப்பு மெத்தைபோல் இருந்து காக்கும். உடல் வற்றினாலும், வளைந்த முதுகை அறுவை செய்து நிமிர்த்தினாலும் அந்த இடைவெளி நெருங்கிக் குடலை நெரிக்கலாம். முதுகை நிமிர்த்தும் அறுவைக்குப் பின் கணைய அழற்சி வருவது மருத்துவர்கள் அறிந்த ஒன்று. நம் பையனுக்கு அறுவை நடக்கவில்லை. ஸ்கேனில் பித்தக்கல் இல்லை. ரத்தக் கொழுப்பும் கால்சியமும் ஏறியிருக்கவில்லை.

மிஞ்சியது சிரப். வால்புரோயேட்டின் பிறப்பே விந்தையானது. 1882-இல் தயாரிக்கப்பட்டு, எண்பது ஆண்டுகள் மற்ற வேதிப்பொருள்களைக் கரைக்கும் வெறும் திரவமாகவே கிடந்தது. 1960-களின் தொடக்கத்தில் பிரான்சின் கிரெனோபிளில் பியேர் எய்மார் வேறு சில பொருள்களை இதில் கரைத்துச் சோதித்தபோது, எதைக் கரைத்தாலும் வலிப்பு அடங்கியது. அடக்கியது கரைபொருள் அல்ல, கரைத்த திரவம்தான். இன்று உலகம் முழுக்க லட்சக்கணக்கானோரை வலிப்பிலிருந்து காப்பது அது. அரிதாகச் சிலருக்குக் கணையத்தைத் தாக்குகிறது. 2000-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்துத் தாளில் கட்டம் கட்டிய எச்சரிக்கையைச் சேர்க்க வைத்தது. இதில் ஏமாற்றும் அம்சம் காலம். மருந்து தொடங்கிய சில வாரத்திலும் வரலாம், பல வருடம் ஒத்துக்கொண்ட பிறகும் வரலாம். "ஏழு வருஷமா இதைத்தானே குடிக்கிறான்" என்பது மருந்தை விடுவிக்கும் வாதம் ஆகாது.

இதைப் படிக்கும் பெற்றோர் தயவுசெய்து சிரப் பாட்டிலைத் தாமே தூக்கிப் போட்டுவிட வேண்டாம். வலிப்பு மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். பையனுக்கு மருத்துவமனையில் வேறொரு வலிப்பு மருந்தை ஊசி வழியாக ஏற்றிக்கொண்டுதான் வால்புரோயேட்டை நிறுத்தினார்கள்.

தண்ணீர், வலிமருந்து, கஞ்சி

கணைய அழற்சியை அணைக்கும் மருந்து இன்னும் இல்லை. செய்யக்கூடியது, உடல் தானாக ஆறும்வரை அதைத் தாங்கிப் பிடிப்பது.

அழற்சியில் ரத்தக்குழாய்கள் ஒழுகுகின்றன. நீர் திசுக்களுக்குள் போய்விட ரத்தம் கெட்டியாகி, கணையத்துக்கே ரத்தம் குறைகிறது. ஆகவே டிரிப்ஸ். எவ்வளவு? 1957-இல் ஹாலிடே, செகர் என்ற இருவர் தந்த எளிய கணக்கு இன்றும் குழந்தை வார்டுகளில் ஓடுகிறது. முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 50 மில்லி. பையனின் 17 கிலோவுக்கு 1000-மும் 350-மும் சேர்த்து நாளுக்கு 1350 மில்லி. முதல் நாள் ஒன்றரை மடங்கு என்று வைத்தால் 2025, மணிக்குச் சுமார் 84 மில்லி. பலவீனமான நுரையீரல் உள்ளவன் என்பதால் மணிக்கொரு தரம் மூச்சையும் சிறுநீரையும் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். பெரியவர்களிடம் 2022-இல் வெளியான ஆய்வு ஒன்றும் தண்ணீரைக் கொட்டி ஏற்றினால் நன்மை கூடவில்லை, தீங்குதான் கூடியது என்று காட்டியது.

இன்னொரு பொறியும் உண்டு. சிறுநீரகம் நலமா என்று பார்க்க கிரியேட்டினின் அளப்பார்கள். அது தசையிலிருந்து வருவது. தசையே வற்றிய குழந்தைக்கு அது எப்போதும் குறைவாகவே இருக்கும். சிறுநீரகம் திணறும்போதும் தாளில் இயல்பான எண்ணைக் காட்டிவிடும்.

வலிமருந்தில் கஞ்சத்தனம் கூடாது. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு அறுவைக்குப் பின் மற்ற குழந்தைகளைவிடக் குறைவான வலிமருந்து தரப்பட்டதை ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. கேட்காதவனுக்குக் கிடைக்கவில்லை. பையனுக்குப் பாரசிட்டமால் போதவில்லை, மார்பின் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் 7 என்ற எண் 3 ஆனது. கால்கள் பழையபடி நீண்டன.

சாப்பாட்டில்தான் பெரிய மாற்றம். கணையத்துக்கு ஓய்வு தருகிறோம் என்று நாள்கணக்கில் பட்டினி போடுவது முன்பு வழக்கம். பட்டினி கிடக்கும் குடலின் சுவர் மெலிந்து கிருமிகளை உள்ளே விடுகிறது என்று இப்போது தெரிந்திருக்கிறது. முடிந்தால் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள்ளேயே உணவைத் தொடங்கிவிடுகிறார்கள். வியாழக்கிழமை காலை அவன் குழாயில் முதல் 30 மில்லி நீர்த்த கஞ்சி இறங்கியது. திரும்பி வரவில்லை.

கோப்பின் முதல் தாள்

ஐந்தாம் நாள் லைபேஸ் இன்னும் 310 காட்டியது. இயல்பின் ஐந்து மடங்கு. இளம் மருத்துவர் தயங்கினார். அன்று காலை வார்டுக்குப் பக்கத்தில் இருந்த கேன்டீனில் குக்கர் விசில் அடித்தது. அது அவன் வீட்டுக் குக்கர் அல்ல. ஆனாலும் தலையைத் திருப்பினான். இரண்டாவது விசிலுக்குச் சிரித்தான். "இன்னொரு ரத்தப் பரிசோதனைக்கு அவசரமில்லைம்மா" என்றார் மருத்துவர். எண் மெதுவாகத்தான் இறங்கும். குழந்தை அதற்கு முன்பே தேறிவிடலாம்.

வீட்டுக்குக் கிளம்பும்போது கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு தாள் சேர்ந்தது. மேலே சிவப்பு மையில் "வால்புரோயேட் இனி எப்போதும் தரக்கூடாது" என்று மருத்துவர் எழுதினார். ஒருமுறை கணையத்தைத் தாக்கிய மருந்தை மீண்டும் கொடுத்தால் மீண்டும் தாக்கும் அபாயம் உண்டு. அடுத்து, குழாயின் எண் 3. அதற்குக் கீழே பாதித் தாள் காலியாக இருந்தது. "இவனுக்கு வலிச்சா என்னென்ன செய்வான்னு நீங்களே எழுதிக் கொடுங்கம்மா" என்று பேனாவை நீட்டினார்.

அம்மா எழுதினார்:

பல்லைக் கடிப்பான். காலை மடக்குவான். மடியில் போட்டாலும் அடங்க மாட்டான். காது வலி என்றால் தலையை இடது பக்கம் தேய்ப்பான். மலச்சிக்கல் என்றால் முக்குவான், முகம் சிவக்கும், இப்படி இருக்காது. சாதாரண நாளில் குக்கர் விசிலுக்குச் சிரிப்பான்.